லூர்து ஓட்டிய நாலுசக்கர விசைப்படகு

ராயபுரத்தில் பழைய கார் வாங்கிவருகிறவர்கள் முதல் நாளில் செய்வது ஆளுக்கு ஆள் மாறும். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்குவார்கள், ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளிப்பார்கள், முன்பக்கம் ஒரு கறுப்புக் கயிறு கட்டுவார்கள். எங்கள் தெரு லூர்து செய்தது வேறு. தான் வாங்கிவந்த பன்னிரண்டு வயசு குட்டி எஸ்.யூ.வி.யின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, காசிமேட்டில் படகின் அடிப்பாகத்துக்குப் பூசுகிற தார் மாதிரியான கறுப்புப் பெயிண்டை ஒரு அங்குலம் விடாமல் பூசினார். வெளியே வந்தபோது வண்டி எது, லூர்து எது என்று அவர் மனைவி ஃபாத்திமாவுக்கே சந்தேகம். எங்கள் கடற்காற்றில் பழைய வண்டிகளின் அடித்தகடு அப்பளம் போல உதிர்ந்துவிடும். இன்றைக்கும் அவர் வண்டியில் ஒரு பொட்டுத் துருவைக் காட்ட முடியாது. அந்த வருஷம் வண்டிக்கு அவர் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான்.

லூர்து முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். காசிமேட்டில் படகை நடத்துகிறவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். ஆந்திரா பக்கம் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கி மீன் பிடித்துவருகிற படகுக்கு அவர் டிரைவர். என்ஜின் சத்தத்தில் கால் சுருதி இறங்கினாலும் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்பார்கள். நான் ஒருபடி மேலே போய்ச் சொல்கிறேன், பக்கத்துப் படகின் என்ஜினுக்கு ஜலதோஷம் பிடித்தால் இவர் தும்முவார்.

வலை இழுக்கும்போது வின்ச்சில் இருந்த கம்பிக் கயிறு அறுந்து வலது தோளில் அடித்தது. எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. மறுபடி கடலுக்குப் போய் அலையில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினால் அந்தக் கையால் சிலுவை அடையாளம்கூடப் போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகு முதலாளி அருள்பிரகாசமோ, ஒரு கை நன்றாகத்தானே இருக்கிறது என்கிற கட்சி. அடுத்த கோடையில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் வந்துவிடு, உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கண்டுதான் ஃபாத்திமா நடுங்கினாள். தடைக்காலம் முடிவதற்குள் தரையில் நிலையான வருமானம் வேண்டும். இல்லையென்றால் அந்தத் தோள் கடலுக்குப் போகும். ஃபாத்திமாவின் சீட்டுப்பணம் காராக மாறிய கதை இதுதான். மஞ்சள் போர்டு வண்டி, டீசல், கால் டாக்சியாக ஓடிக் களைத்தது.

வண்டியைப் பார்க்கத் தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக் அமைந்தார், சௌக்கத் அலி பாய். வாய் பத்து ஊர் போகும், கை ஒரு நட்டை விட்டு நகராது. முதல் தடவை வண்டியைச் சுற்றிவந்து அவர் சொன்னதை லூர்து எங்களிடம் அப்படியே நடித்துக் காட்டுவார்.

"பன்னெண்டு வயசு டீசல் வண்டின்றது கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி நைனா. கவனிச்சிக்கினே இருக்கணும். இல்லாங்காட்டி எங்க ஒக்காந்துனு கீறானோ அங்கியே சண்ட."

முன்சக்கரத்து ரப்பர் புஷ்ஷெல்லாம் தேய்ந்திருந்தது, மேடுபள்ளத்தில் கடகடவென்று சத்தம் வந்தது. அதற்கு ஐயாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. மற்றபடி என்ஜின் நல்ல என்ஜின், ஒழுங்காக வைத்துக்கொண்டால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும் என்று பாய் அனுப்பிவைத்தார். ஒழுங்கு என்று பாய் எதைச் சொன்னார், லூர்து எதைப் புரிந்துகொண்டார் என்பதில்தான் வில்லங்கம்.

ஒருநாள் எண்ணூர் கடலோரச் சாலையில், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு ஊர்ந்து வரும்போது, சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு. வேறு யாராக இருந்தாலும் டீக்கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டிருப்பார்கள். லூர்து கருங்கல் தடுப்பைத் தாண்டி இறங்கி, ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீரை மொண்டுவந்து ஊற்றினார். அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷமாக அவர் பார்த்த என்ஜின் ஒவ்வொன்றும் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிரவைத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய கடல் பக்கத்தில் இருக்கும்போது என்ஜினுக்குக் குடிதண்ணீர் கொடுப்பது அவருக்கு ஊதாரித்தனமாகப் பட்டது. முள் கீழே இறங்கியது. அன்றிலிருந்து டிக்கியில் கடல் தண்ணீர் கேன் ஒன்று நிரந்தரமாகக் குடியேறியது.

இரண்டு மாதம் வண்டி சந்தோஷமாகக் குடித்தது. பிறகு தண்டையார்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது. அப்போது எழுந்த வெள்ளைப் புகையில் எதிரே வந்த பஸ் வழி தெரியாமல் பாரிமுனைக்குப் போவதற்குப் பதில் திரும்பித் திருவொற்றியூருக்கே போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சரி, பஸ் நின்றது என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"இதுல நெத்திலி மட்டும்தான் இல்ல," என்றார்.

ரேடியேட்டர் சல்லடையாகியிருந்தது. வாட்டர் பம்ப் இறுகியிருந்தது. சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சமப்படுத்தி எல்லாம் மாட்டி எடுக்க முப்பதாயிரத்தைத் தொட்டது. பழைய வண்டியில் சூட்டு முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி என்ஜினை ஆற விட்டு, குளிர்விக்கிற பச்சை நிறக் கூலண்ட்டைக் கடையில் வாங்கி ஊற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும் என்று பாய் சொன்னார். கூடவே, கடலுக்குள் இருக்கிற என்ஜின் உப்போடு வாழவே செய்யப்பட்டது, தரையில் இருக்கிறது அப்படி இல்லை என்று பொறுமையாக விளக்கவும் செய்தார். லூர்து வாதாடவில்லை. வீட்டுக்குப் போய் ஃபாத்திமாவிடம் தப்பு என்னுடையது என்றார். டிக்கியிலிருந்த கேனை எடுத்துக் கழுவி, மண்ணெண்ணெய் வைக்கக் கொடுத்துவிட்டார். தெரிந்துகொண்ட தப்பை இரண்டாம் தடவை செய்யாத மனிதர். ஆனால் புதுத் தப்புகளுக்குப் பஞ்சமில்லை.

நடுக்கடலில் யாரும் என்ஜினை நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் மறுபடி எழுந்துவராது என்கிற பயம். லூர்துவும் நிறுத்தமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பூசை முடிகிறவரை வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். ஃபாதர் பிரசங்கத்தை அதற்குமேல் குரல் உயர்த்திச் சொல்லிச் சொல்லி, அந்த வருஷம் தொண்டைக்கு மருந்து சாப்பிட்டார். நின்ற இடத்திலேயே உறுமுகிற டீசல் என்ஜினில் புகைக்கரி சேரும், சேர்ந்து உள்ளே வால்வை அடைக்கும், இழுவை குறையும். அதைச் சுத்தம் செய்ய இரண்டாயிரத்தைந்நூறு. அந்தப் பழக்கத்தையும் விட்டார்.

விடமுடியாதது ஒன்று இருந்தது.

கடலில் ஒரு படகு என்ஜின் செத்துப்போய் நின்றால், பார்க்கிற படகு கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துவர வேண்டும். தன் மீன்பாடு போனாலும் சரி. நிற்பது தோஸ்தா துரோகியா என்று பார்ப்பதில்லை, அதற்குத் துட்டும் வாங்குவதில்லை. பார்த்தும் பாராமல் வந்தவனுக்குக் காசிமேட்டில் ஐஸ் போடமாட்டார்கள், கட்டுகிற கயிற்றைக்கூட ஒருவரும் கையில் வாங்கிக்கொள்ளமாட்டார்கள். லூர்துவே ஒருமுறை தன் வலையை அறுத்துவிட்டுப் போனவனுடைய படகை, வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே, பழவேற்காட்டுக்கு வடக்கேயிருந்து இழுத்துவந்தவர்.

தரைக்கு வந்த பிறகும் அவர் கண்ணுக்குச் சாலை கடலாகத்தான் தெரிந்தது. திருவொற்றியூரில் ஒரு லோடு ஆட்டோ, மணலி சாலையில் ஒரு பள்ளிக்கூட வேன், சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் கம்பி ஏற்றிய டெம்போ என்று நின்ற வண்டியெல்லாம் அவர் கயிற்றில் வந்தது. டெம்போவை இழுத்த அன்று கிளட்ச் கருகிய நாற்றத்தில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஃபாத்திமா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"யோவ், நீ இன்னா கடல்ல சுத்தற கோஸ்ட் கார்டா? ரோட்ல நிக்கறவன்லாம் உனுக்கு மச்சானா?"

"நின்னுகினு கீறாங்கோ. பாத்துட்டு எப்டி வர்றது?" என்றார் லூர்து.

இந்தச் சமயத்தில்தான் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை வந்தது. இரண்டு ஷிஃப்டுப் பெண்களை வீட்டிலிருந்து ஏற்றி இறக்க ஒரு வண்டி, மாதக் கட்டணம், வருஷ ஒப்பந்தம். ஒரே ஆள் இரண்டு ஷிஃப்டும் ஓட்டக்கூடாது, இரண்டாவது டிரைவர் ஒருவரின் பெயரும் கொடுக்கவேண்டும் என்பது விதி. லூர்து தன் மைத்துனன் நெல்சன் பெயரைக் கொடுத்தார். மனுக் கொடுக்கப் போன இடத்தில் வியாசர்பாடியிலிருந்து பென்னி என்கிற வாலிபனும் வந்திருந்தான். ரயில்வேக்காரர் மகன், கறுப்புக் கண்ணாடி, லூர்துவினுடையதைவிட நாலு வயசு குறைந்த வண்டி. பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. லூர்துவின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"இத்த சாத்தாங்காட்டுல எடைக்குப் போட்டா டீக்கு ஆவும்ணா, வடைக்கு ஆவாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் எஞ்சியது இவர்கள் இருவர்தான். போக்குவரத்தைக் கவனிக்கிற அதிகாரி மகிழினி, திங்கட்கிழமை காலை இரண்டு வண்டியையும் கொண்டுவரச் சொன்னார். பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். அதே வாரம்தான் தடைக்காலம் முடிகிறது.

சனிக்கிழமை பாய் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். கிளட்ச் பிளேட் தேய்ந்து காகிதமாகியிருந்தது. புது கிளட்ச் செட், கூலியோடு பதினாறாயிரம். ரேடியேட்டர் முழுங்கிய பிறகு வீட்டில் அவ்வளவு இல்லை. ஆள் மட்டும் ஏற்றி நிதானமாக ஓட்டினால் இன்னும் இரண்டு மாதம் தாங்கும், அதற்குள் சம்பாதித்து மாற்றிக்கொள் என்றார் பாய். பிறகு லூர்துவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரே ஒரு வண்டிய இஸ்த்த, முடிஞ்சிது. எவன் நின்னாலும் கண்ண மூடிக்கினு போ நைனா."

திங்கட்கிழமை லூர்து கண்ணை மூடிக்கொள்ளாமல்தான் போனார், ஆனால் நேராகப் பார்த்துக்கொண்டு போனார். எர்ணாவூர் பாலம் இறங்கியதும் ஓரமாக ஒரு வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி. இரண்டு லாரி கிளீனர்கள் தள்ளிப் பார்த்துவிட்டு, முடியாதென்று கையை உதறிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

லூர்து தாண்டிப் போனார். இதை அவரே என்னிடம் சொன்னார். தாண்டி ஒரு மளிகைக்கடை, மாதா சிலை வைத்த ஒரு கெபி, ஒரு பங்க்சர் கடை வரைக்கும் போனார். இதற்கு முன்னால் எந்தக் கடலிலும் அவர் அவ்வளவு தூரம் போனதில்லை. பங்க்சர் கடை வாசலில் நிறுத்தினார். ரிவர்ஸ் போட்டார்.

பென்னிக்கு அவரைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. கேலி செய்யத் திரும்பிவந்திருக்கிறார் என்றே நினைத்தான். டீ குடிக்க நிறுத்தியவன் என்ஜினையும் நிறுத்தியிருக்கிறான். திரும்பிவந்து சாவி போட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் செத்துப்போயிருக்கிறது. லூர்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. கட்டி இழுத்து, வண்டி உருளும்போது கியரில் போட்டால்தான் என்ஜின் பிடிக்கும். டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்தார்.

பென்னி எவ்வளவு வேண்டும் என்று கேட்டான்.

"மூடிக்கினு உள்ள ஏறு," என்றார் லூர்து.

முதல் தடவை பென்னி அவசரப்பட்டு, வண்டி உருள்வதற்குள் கிளட்சை விட்டான். முன்னால் இழுத்த லூர்துவின் வண்டியை நாலு எருமைகள் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாற்போல இருந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். லூர்துவின் வண்டியின் அடியிலிருந்து நீலப்புகை கிளம்பியது. அந்த நாற்றம் என்ன என்று பென்னிக்கும் தெரியும். கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்று ஜன்னலிலிருந்து கத்தினான். லூர்து காதில் வாங்கவில்லை. நான் கையைத் தூக்கும்வரை கிளட்சிலிருந்து காலை எடுக்காதே என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். மூன்றாவது தடவை, இடது கையைத் தூக்கினார். வலது கை அவ்வளவு உயரம் போகாது. பென்னியின் என்ஜின் இருமி, உதறி, பிடித்துக்கொண்டது. அதே நிமிஷம் லூர்துவின் கிளட்ச் முடிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் அலறியது, சக்கரம் சும்மா இருந்தது.

பென்னி இறங்கிவந்து நின்றான்.

"ஆஃப் பண்ணாம போ. நேரமாவுது," என்றார் லூர்து.

அவன் போனான். வாலிபன், அவனுக்கும் வீட்டில் பிழைப்பு இருக்கிறது. போனதற்காக அவன்மேல் லூர்துவுக்குக் கோபம் இல்லை. எனக்குக் கொஞ்சம் இருந்தது.

லூர்து பங்க்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கிளட்ச் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு ஏறி, முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டார். மிதித்தால் வழுக்குகிறது, மிதிக்காமல் விட்டால் நடக்கிறது. தண்ணீருக்கடியில் சுழல்கிற காற்றாடியில் ஓர் இதழ் உடைந்த படகை அலையோடு சண்டை போடாமல் கரைக்குக் கொண்டுவருவது போல, அந்த வண்டியை எண்ணூர் வரைக்கும் நடக்கவைத்தே கொண்டுபோனார். கத்திவாக்கத்தில் ஒரு பசுமாடு அவரை முந்திக்கொண்டு போய், கொஞ்ச தூரத்தில் நின்று, என்ன ஆயிற்று என்பது போலத் திரும்பிப் பார்த்ததாம்.

அவர் தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது மகிழினி பென்னியின் வண்டியைப் பார்த்து முடித்திருந்தார். சீட், பெல்ட், டயர், பிரேக் எல்லாம் சரி. என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது, அவர் அதை நிறுத்திக் காட்டச் சொல்லவில்லை. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. லூர்துவின் வண்டி வாசலிலேயே கடைசி மூச்சை விட்டது. அவர் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். வண்டியை ரிவர்ஸில் எடுத்துக் காட்டச் சொன்னார் மகிழினி.

"முடியாதும்மா. கிளட்ச் பூட்ச்சி," என்றார் லூர்து.

எப்போது என்று கேட்டதற்குக் காலையில் என்றார். எப்படி என்று கேட்டதற்கு, பழைய வண்டிதானே என்றார். அவ்வளவுதான். பென்னியின் பக்கம் அவர் திரும்பவும் இல்லை.

மகிழினி பேனாவை எடுத்தார். பென்னி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அதற்கப்புறம் அவன் செய்ததை வைத்துத்தான் இந்தப் பிள்ளையை நான் மன்னித்தேன். தன் வண்டிக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினான்.

"இப்ப இது ஸ்டார்ட் ஆவாது மேடம். ஸ்டார்ட்டர் காலி. இவுருதான் இஸ்த்து வுட்டாரு. இவுரு கிளட்ச் போனது என்னாலதான்."

மகிழினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வண்டி எழுந்திருக்காது, இன்னொன்று நகராது.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டி கொண்டுவந்திருக்கீங்க," என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விதி விதிதான். ஸ்டார்ட்டரை மாற்றுவது ஒரு நாள் வேலை, நாலாயிரமோ ஐயாயிரமோ. கிளட்ச் என்றால் கியர்பாக்ஸையே இறக்கவேண்டும். புதன்கிழமை வண்டி ஓடியாகவேண்டும். பென்னியின் வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். லூர்து தலையாட்டிவிட்டுத் தன் வண்டியை நோக்கி நடந்தார். அருள்பிரகாசத்தின் படகுதான் இனி என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

பென்னி இன்னும் பேசி முடிக்கவில்லை. தான் கொடுத்த இரண்டாவது டிரைவர், பெரியப்பா மகன், ஆறு மாதமாகத் துபாயில் இருக்கிறான் என்றும், பெயர் ஒன்று வேண்டுமே என்று போட்டதாகவும் ஒத்துக்கொண்டான். மகிழினி கண்ணை உருட்டுவதற்குள், அந்த இடத்தில் லூர்து பெயரை எழுதச் சொன்னான். மதியம் ஷிஃப்ட் அவருக்கு, காலை எனக்கு, வருகிறதில் பாதி பாதி என்றான்.

லூர்து உடனே சரி என்று சொல்லியிருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் யோசித்தார். பிறகு, வழியில் வண்டி ஏதாவது நின்றால் நான் கட்டி இழுப்பேன், அதற்குச் சம்மதமா என்று கேட்டார். கம்பெனிப் பெண்கள் உள்ளே இருக்கும்போது கூடாது என்றார் மகிழினி. என் கிளட்சைத் தொடவே கூடாது என்றான் பென்னி. நடு வெயிலில் மூவரும் நின்று காசிமேட்டு ஏலம் மாதிரி பேரம் பேசினார்கள். ஆள் இல்லாமல் திரும்பிவரும்போது மட்டும், சின்ன வண்டிகளை மட்டும், பக்கத்து மெக்கானிக் கடை வரைக்கும் மட்டும் என்று முடிந்தது. டெம்போ கிடையாது என்பதைப் பென்னி இரண்டு தடவை சொல்லவைத்தான்.

மைத்துனன் நெல்சனுக்கு வேலை போனதே என்று வருத்தப்படவேண்டாம். ஓட்டவேண்டிவருமே என்று அவன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தான். அன்று மாலை எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தது அவன்தான். லூர்துவின் வண்டி மூன்று மாதம் பாய் கடை ஓரத்தில் படுத்திருந்தது. அதன்மேல் காய்ந்த துணிகளை எண்ணினால் ஒரு ஜவுளிக்கடை வைக்கலாம். பிறகு புது கிளட்ச் போட்டு எடுத்தார். இப்போது காலையில் அதில் துறைமுகத்துச் சவாரி, மதியம் பென்னியின் வண்டியில் எண்ணூர். பாய் மட்டும் கிளட்ச் பில்லின் பின்பக்கத்தில், இனிமேல் இழுக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். லூர்து சிரித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக்கொடுத்தார்.

அந்த வாரமே, தடைக்காலம் முடிந்த அன்று, அருள்பிரகாசம் வந்தார். புதுப் பெயிண்ட் அடித்த படகு, புது வலை, ஐஸ் ஏற்றியாகிவிட்டது, மத்தியானம் கிளம்பவேண்டும். ஃபாத்திமா கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அவுரு டூட்டிக்குப் பூட்டாருப்பா," என்றாள். "நீ வேற டிரைவர் பாரு."